ஐஸ்கிரீம் என்றே எழுதலாம்

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிய மகள், மூச்சு வாங்கியபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"பால் க்ரீம் வண்டி வராதுப்பா. பண்ணைப் பக்கமெல்லாம் மாடுகளுக்குக் கோமாரியாம். ரோட்டை மூடிட்டாங்க."

மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலை ஐந்தே கால். இனி இதயத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்து, வீட்டுக்கு அழைத்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. மேலே வீடு, கீழே ஆறு பேர் வேலை செய்யும் ஐஸ்கிரீம் கம்பெனி. முப்பது வருஷமாக அவர் ஏறி இறங்கிய படிகளில் இப்போது அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு உணவு ஆய்வாளர் வருகிறார். பால் கொழுப்பில் செய்ததை மட்டுமே இனி ஐஸ்கிரீம் என்று விற்கலாம், பாமாயில் கலந்தால் வேறு பெயர்தான் போட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஊரே பாமாயிலுக்கு மாறியபோதும் மாறாதவர் அப்பா. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். விலை அதிகம் என்று திருப்பி அனுப்பிய கடைக்காரர்கள் எல்லாம் இந்த ஒரு வாரமாகத் தாங்களே போன் செய்கிறார்கள். ஆனால் சான்றிதழ் வேண்டும். ஓடுகிற மிஷினிலிருந்துதான் மாதிரி எடுப்பார்கள். இன்று தவறினால் அடுத்த தேதி கோடை முடிந்த பிறகு.

"சட்டத்துல என்ன போட்டிருக்குன்னு படி" என்றார் அப்பா.

"பாலிலிருந்து பெறப்பட்ட கொழுப்புன்னு இருக்குப்பா."

"மறுபடி படி."

படித்தாள். அவர் கண்கள் பளிச்சிட்டன.

"வெண்ணெய் எதிலிருந்து வருது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. உப்பில்லாத வெண்ணெய், பால் பவுடர், சர்க்கரை, தண்ணீர். சேர்த்துக் காய்ச்சினால் கலவை தயார். பவுடர் மூட்டை கையிருப்பில் இருந்தது. வெண்ணெய்க்குத் தெருக்கோடி பிஸ்கட் கம்பெனிதான் கதி. அதன் முதலாளியோடு லாரி நிறுத்துகிற தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

அப்பா போனை வாங்கினார். அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். "எண்பது கிலோ வெண்ணெய் வேணும். சண்டையை அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறரைக்கு வெண்ணெய் வந்துவிட்டது. பிஸ்கட்காரர் தானே வண்டி ஓட்டி வந்து, யாரிடமும் பேசாமல் பெட்டிகளை இறக்கினார். பிறகு மாடியைப் பார்த்து, "எப்படி இருக்கார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஓட்டம்தான். மிஷின் ஓட்டுகிறவருக்கு அங்கே 'சூடு' என்று பட்டப்பெயர். ஐஸ்கிரீம் கம்பெனியில் அவ்வளவு கோபக்கார ஆள். வெண்ணெயில் யார் ஐஸ்கிரீம் போடுவார்கள் என்று புலம்பிக்கொண்டே அவர் அண்டாவை ஏற்றினார். அறுநூறு லிட்டர். ஒன்பது மணிக்குள் காய்ச்சி இறக்கியாயிற்று. இனி நாலு மணி நேரம் குளிரில் ஊற வேண்டும்; அதில் ஒரு நிமிஷமும் குறைக்க முடியாது. அவள் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஓடினாள். எத்தனை டிகிரி, ஆடை கட்டுகிறதா, வாசனை எப்படி என்று கேட்டுக் கேட்டு அப்பாவின் முகம் சிவந்திருந்தது. பேசாதீங்க என்று அம்மா சொன்னது யார் காதிலும் விழவில்லை.

ஒரு மணிக்கு மிஷினை ஓடவிட்டார்கள். அவள் மேலே வந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. அப்பா கண்ணை மூடி மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெலிசா கேக்குது. கலவைக்குள்ள காத்து அதிகமா போகுது. காத்துப் பம்பைக் குறைக்கச் சொல்லு."

அவள் இறங்கி ஓடினாள். சூடு முணுமுணுத்துக்கொண்டே திருகைத் திருப்பினார். சிறிது நேரத்தில் சத்தம் அடங்கிக் கனத்தது. குழாயிலிருந்து ஐஸ்கிரீம் பட்டுத்துணி மாதிரி மடிந்து மடிந்து விழுந்தது. சூடு விரலில் எடுத்து வாயில் வைத்தார். உடனே இன்னொரு தடவை எடுத்தார்.

ஆய்வாளர் அம்மாள் சரியாக இரண்டு மணிக்கு வந்தார். மேஜையில் தன் கண்ணாடிக் குழாய்களை அடுக்கினார். சோதனை முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அவள் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"பால் கொழுப்பு பத்து சதவீதம் இருந்தாலே போதும். உங்களுக்குப் பத்து புள்ளி எட்டு. பாமாயில் ஒரு துளி இல்லை. டப்பாவுல ஐஸ்கிரீம்னே எழுதலாம்."

கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் பாதிப் படி ஏறிவிட்டாள். மேலே போகும்போதே, "பத்து புள்ளி எட்டுப்பா!" என்று கத்தினாள்.

அம்மா திரும்பவில்லை. அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் கனத்துச்சு பாரு, அப்பவே சிரிச்சார். சரியாயிடுச்சுன்னார். கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. உன்னைக் கூப்பிடப் போனேன். கூப்பிடாதே, மிஷின்ல நிக்கிறா அப்படின்னார்."

அவள் கட்டிலருகே போய்க் குனிந்தாள். "பத்து புள்ளி எட்டுப்பா" என்று மறுபடி சொன்னாள், மெல்ல.

கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இருநூறு லிட்டர் பாக்கி. நடுவில் நிறுத்தினால் உள்ளேயே உறைந்து, சுரண்டுகிற கத்தி உடையும். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கினாள். காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டாள். ஆய்வாளர் கை குலுக்கி வாழ்த்திவிட்டுப் போனார். பிறகு சூடு அருகே போய், அப்பா போய்விட்டார் என்று காதில் சொன்னாள். அவர் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் பாத்துக்கறேம்மா. நீ மேல போ" என்றார். அவள் போகவில்லை. டப்பாக்களை எடுத்துக் குழாயின் கீழே வைத்துக் கொடுத்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா. பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவருகே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆணியில் தொங்கிய அப்பாவின் வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டினாள். அது பெரிதாக இருந்தது. கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டாள். மூடி போடுகிற பெஞ்சில் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

அம்மா ஒரு டப்பாவை இழுத்து, மூடியை வைத்து அழுத்தி, விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். தள்ளிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.