பாரீஸில் பதினொன்றரை

சிதம்பரநாதனைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, காரைக்கால் தருமபுரத்து வீட்டுக் கூடத்தில் கிடத்தியாயிற்று. நான் தலைமாட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மணிக்குத் தூக்க வேண்டும். பாரீஸில் இருக்கும் ஒரே மகன் இன்னும் லைனில் வரவில்லை.

காரைக்காலில் தெருவுக்கு நாலு குடும்பம் இங்கே பாதி, பிரான்சில் பாதி. சாவு வீட்டை அங்குள்ளவர்களுக்குக் காட்டுவதுதான் எனக்கும் மாறனுக்கும் பிழைப்பு. படம் என் வேலை, ஆப் அவன் வேலை. உடலை எடுக்கும் நேரத்தை ஆப்பில் நம் மணியில் போட்டால், அவர்கள் மணிக்கு மாற்றி அங்கே செய்தி போய்விடும். மகன் தமிழ்ச்செல்வன் அங்கே தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான்; அது கைக்கு வராமல் கிளம்ப வழியில்லை. ஓட்டல் சமையற்கட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் பதினொன்றரைக்குக் கொஞ்ச நேரம் விடுகிறேன் என்று முதலாளி சொன்னதே பெரிசு. அதுவரை அவன் போன் லாக்கரில். “அப்பா காதுகிட்ட போன வைங்கண்ணே, ஒரு வார்த்த சொல்லணும்” என்று நேற்றுச் சாயங்காலம் அழுதான்.

மாறன் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்து நெட்டைப் பார்த்தான், லிங்கைப் பார்த்தான். எல்லாம் சரி. கடைசியில் பாரீஸ் மணியைத் தட்டிப் பார்த்தவனுக்கு முகம் வெளுத்துப்போனது.

“டேய், அங்க பத்தரகூட ஆவலடா.”

அக்டோபர் கடைசி ஞாயிறு. விடிகாலையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். நம் ஊர்க் கணக்குதான் தெரியுமே! பிரான்ஸ் மணி வேண்டுமா, மூன்றரையைக் கழி. அங்கிருந்து யாராவது பேசும்போது ‘மணி மாத்தியாச்சு’ என்று சொன்னால், அதற்கப்புறம் நாலரை. சின்னப் பிள்ளையிலிருந்து பழகிய அதே மூன்றரையை ஆப்பிலும் எழுதிவைத்திருக்கிறான் புண்ணியவான். கம்ப்யூட்டருக்கு யார் போன் பண்ணிச் சொல்வது?

ஓட்டல் நம்பர் யாருக்கும் தெரியவில்லை. மாறன் போய், இறந்தவரின் அண்ணன் மாணிக்கவேல் முன்னால் கைகட்டி நின்றான்.

“பெரியப்பா, ஒரு மணி நேரம் பொறுக்க முடியுமா? தப்பு என்னோடதுதான்.”

“நாலரைக்கு ராகு காலம் தம்பி. அதுக்குள்ள தீ வச்சாவணும். வானத்தப் பாரு, எப்ப ஊத்தும்னு நிக்குது. எல்லாம் சொல்லியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சங்கு ஊதினார்கள். சுடுகாட்டில் சிக்னல் கிடையாது, நான் போய் என்ன செய்ய? பாடை தெருமுனை திரும்பிய பிறகு மாறன் தலை நிமிர்ந்தான். “சரி பண்ணிட்டேன்டா. ஒரே வரிதான்.” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லேப்டாப்பைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவன் அழுதுகொண்டிருந்தான், விட்டுவிட்டேன்.

பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டு, உடல் கிடந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். தமிழ்ச்செல்வனின் அம்மா நீலாயதாட்சியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான்கு மணிக்குத் திரையில் அவன் வந்தான். தலையில் சமையல் தொப்பி, மூச்சு வாங்கியது.

“சரியான நேரத்துக்கு வந்துட்டேன்மா. அப்பா காதுகிட்ட வைக்கச் சொல்லுங்க.”

அந்த அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார். ஈரத்தரையில் உட்கார்ந்து, விளக்குக்குப் பக்கத்தில் அதை மல்லாக்க வைத்தார்.

“வச்சுட்டேன்யா. சொல்லு.”

மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்து அவன், “அப்பா” என்றான்.