ஒரு கழுத்துக்கு மூன்று தலையணை

"பின்னாலேருந்து ஒரு தள்ளு தள்ளும்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

பயணப் பைகள் விற்கும் கடை அது. வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் முக்காலியில், கழுத்தில் சாம்பல் நிறத் தலையணை ஒன்றை மாட்டிக்கொண்டு, நுகத்தடி பூட்டிய மாடு மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். கடைப்பெண் கையைப் பிசைந்துகொண்டு பின்னால் நின்றாள்.

"எதுக்கு சார் தள்ளணும்?"

"சும்மா உக்காந்தா எல்லாத் தலைகாணியும் நல்லாத்தாம்மா இருக்கும். வண்டி நிக்கும்போது செங்கல்லுகூட மெத்தைதான். பிரேக் அடிச்சா என்ன ஆகுதுன்னு பாக்கணும். தள்ளு."

அவள் இரண்டு விரலால் தள்ளினாள்.

"இது சைக்கிள் பிரேக்கு. நான் போகப்போறது பஸ்ஸு."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். முக்காலியோடு போய்ப் பள்ளிக்கூடப் பைகளின் குவியலில் விழுந்தார் மனிதர். விழுந்த இடத்திலிருந்தே சொன்னார்: "பாத்தியா, தலை முன்னால போயிடுச்சு. இது ஆகாது."

"தலை மட்டுமா சார் போச்சு, நீங்களே போயிட்டீங்களே" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

முப்பத்து நான்கு வருஷம் தொலைதூர பஸ் ஓட்டியவர் அவர். கண்டக்டர் விசில் கொடுத்தாலும், தன் கண்ணால் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார். விசில் அடிக்கிறவன் கண் வேறு எங்கேயாவது இருக்கும், கண்ணாடி பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அதனால் டிப்போவில் வைத்த கண்ணாடிக்காரர் என்ற பெயர் ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் எட்டி அந்தக் கருவியின் முள்ளைப் பார்ப்பார். தலையணையின் அட்டையில் நூறு சதவீதம் சுகம் என்று எழுதியிருந்ததை அந்தப் பெண் வாசித்துக் காட்டியபோது, "நூறு சதவீதம்னு எவன் சொன்னாலும் எனக்கு வேணாம். எழுபதுன்னு ஒருத்தன் எழுதியிருந்தா குடு, அவன் யோக்கியன்" என்றார்.

அவர் இப்படி அலைவதற்குக் காரணம் இருந்தது. மகள் பத்தொன்பது மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறாள். அங்கே ரயில் கிடையாது. போன வருஷம் பேத்தி பிறந்தபோது இருவரும் போய் வந்தார்கள். திரும்பி வந்து இறங்கிய மனைவிக்குக் கழுத்து பூட்டிக்கொண்டது. பதினைந்து நாள் பட்டை கட்டிக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்பினாள். அதற்குப் பிறகு, "இனிமே பஸ்ஸே வேணாம். பாக்கணும்னா அவங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். மகளுக்கு லீவு கிடைக்கிற வேலை இல்லை. இப்போது பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். நடப்பவள் ஓடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு. தனியாகப் போயிருக்கலாம். ஆனால் மகளும் அவரும் பேசிக்கொள்வதெல்லாம் மனைவி வழியாகத்தான். போனை எடுத்தால், "நல்லா இருக்கீங்களாப்பா" என்பாள் மகள். "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார் இவர். அவ்வளவுதான். மனைவி இல்லாமல் அங்கே போய் இறங்கினால், இரண்டு பேரும் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே தலையணை. தூங்குகிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. தலைக்கு மேலே மாட்டியிருந்த உள்கண்ணாடியில் முப்பத்து நான்கு வருஷம் தூங்கும் தலைகளைப் பார்த்தவர். ஜன்னலில் சாய்ந்து மண்டையால் தாளம் போடுகிறவன், ஆமாம் சாமி போட்டுக்கொண்டே வருகிறவன், பக்கத்து ஆள் மேல் விழுந்து திட்டு வாங்கி நிமிர்ந்து மறுபடியும் விழுகிறவன் என்று எல்லோரையும் தெரியும். ஆனால் தான் ஒரு தடவைகூட ஓடுகிற வண்டியில் தூங்கியதில்லை என்பதை அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

கடைப்பெண் வேறு தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். முதலில் காற்று ஊதுகிற நீலத் தலையணை. "மடிச்சா சட்டைப் பையில வெச்சுக்கலாம் சார்."

"காத்தா? முப்பத்து நாலு வருஷம் டயர் காத்தை நம்பித்தான் ஓட்டினேன். எத்தனை தடவை நட்டநடு ரோட்டுல கைவிட்டிருக்குன்னு என்னைக் கேளு. கழுத்தையும் அதுகிட்டயே குடுக்கச் சொல்றியா?"

அடுத்தது உள்ளே கடுகு போலச் சின்ன மணிகள் நிரப்பியது. அழுத்திப் பார்த்தார். மணியெல்லாம் அழுத்தாத பக்கத்துக்கு ஓடிப்போயின. "சொந்தக்காரன் மாதிரி இருக்கு. சாயும்போது விலகிப்போயிடுது." மூன்றாவது, தடித்த பஞ்சில் கொழுகொழுவென்று இருந்தது. நான்காவது, கெட்டி ஸ்பாஞ்சு. அமுக்கினால் பள்ளமாகி, நிதானமாக மேலே வந்தது. முன்னால் கொக்கி, பின்பக்கம் மெலிசு.

"இது கழுத்தை ஞாபகம் வெச்சுக்கும் சார்."

"என் பொண்டாட்டி கழுத்தை இது எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்?"

"அம்மாவுக்கா? அதை மொதல்ல சொல்லக்கூடாதா. அவங்களுக்குக் கழுத்து நீளமா, குட்டையா?"

அவருக்கு முப்பத்தெட்டு வருஷக் குடித்தனம். எதிரே வருகிற லாரியின் அகலத்தை அரை மைலுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். மனைவியின் கழுத்து எத்தனை விரல்கடை? நாலு விரலைக் காட்டினார். பிறகு சந்தேகம் வந்து மூன்றாக்கினார்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார். காற்றுத் தலையணையை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ஒரு மணி நேரம் கொண்டுபோவது, பஸ்ஸில் வைத்துப் பார்ப்பது, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிக் கொடுப்பது. ஈடாக டிரைவிங் லைசென்ஸை நீட்டினார். அந்தப் பெண் புரட்டிப் பார்த்தாள். "இது காலாவதியாகி நாலு வருஷம் ஆச்சே சார்."

"நான் காலாவதி ஆகலையே. வாங்கி வை."

ஊரிலேயே அதிக வேகத்தடை உள்ள பாதை ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுடையது. ஏறியவுடனே கண்டக்டர் அடையாளம் கண்டுகொண்டார். "என்னண்ணே, ஒரு கழுத்து, மூணு தலைகாணி?"

"ஆராய்ச்சி. நீ உன் வேலையப் பாரு."

ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். தூக்கம் வரவில்லை. வேகத்தடை வருவதற்கு முன்னாலேயே உடம்பு தயாராகிவிடுகிறது. இப்படிச் சோதித்தால் என்ன தெரியும்? சுற்றிலும் பார்த்தார். நடு வரிசையில் ஜன்னலோரம் ஒரு கொத்தனார், விரலெல்லாம் சிமெண்டு காய்ந்திருக்க, உலகத்தை மறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலை சுத்தியல் மாதிரி விழுந்து விழுந்து எழுந்தது. கண்ணாடிக்காரருக்கு முகம் மலர்ந்தது. மணித் தலையணையை மெதுவாக அந்தக் கழுத்தில் மாட்டினார். முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்று உள்கண்ணாடியில் பார்த்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?" என்றார் டிரைவர்.

"ரோட்டைப் பாரு. கண்ணாடியை நான் பாத்துக்கறேன்."

மணிகள் சிதறின, தலை விழுந்தது. கொழுகொழுத் தலையணையை மாட்டினார். அது சீட்டுக்கும் பிடரிக்கும் நடுவே புகுந்துகொண்டு தலையை முன்னால் தள்ளியது. கொத்தனாரின் தாடை நெஞ்சில் இடித்தது. ஸ்பாஞ்சுத் தலையணையை மாட்டினார். பின்பக்கம் மெலிசாக இருந்ததால் தலை சீட்டில் நன்றாகச் சாய்ந்தது, இரண்டு பக்கமும் தாங்கியது. சபாஷ் என்று நினைப்பதற்குள் டிரைவர் பிரேக் போட்டார். கொக்கி இருந்த முன்பக்க இடைவெளியில் தலை பொத்தென்று விழுந்தது. அப்போதுதான் அவருக்குப் பளிச்சென்றது. விழுகிற தலையெல்லாம் முன்னால்தானே விழுகிறது? இத்தனை வருஷம் கண்ணாடி அதைத்தானே காட்டியது? இடைவெளி இல்லாத பக்கத்தை யாராவது பிடரியில் வைப்பார்களா? தலையணையைத் திருப்பி, அந்தப் பக்கத்தைத் தாடைக்குக் கீழே வைத்து, கொக்கியைப் பின்னால் மாட்டினார். அடுத்த பிரேக்குக்குத் தலை வந்து, வைக்கோலில் வைத்த முட்டை மாதிரி உட்கார்ந்தது. கொத்தனார் குறட்டை விட ஆரம்பித்தார்.

கொத்தனார் விழித்தபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது.

"யோவ், யாருய்யா என் கழுத்துல இதை மாட்டினது?"

"நான்தான். கழுத்து எப்படி இருக்கு?"

"நாலு ஸ்டாப்பு தாண்டி வந்திருக்கேன். வேலைக்குப் போனா மேஸ்திரி கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவாரு. நீ கழுத்தை விசாரிக்கிறியா?"

"தப்புத்தான், மேஸ்திரிகிட்ட நான் வந்து சொல்றேன். இப்ப வலி இருக்கா, அதைச் சொல்லு."

கொத்தனார் முறைத்துக்கொண்டே கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். முறைப்பு கொஞ்சம் இறங்கியது. "கழுத்துன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல" என்றார். பிறகு குரலைத் தணித்து, "எந்தக் கடைல கெடைக்கும்?" என்றார்.

கடையில் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதக்கம் வாங்கியவர் மாதிரிதான் கண்ணாடிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரவைத்து, திருப்பி மாட்டி, கொக்கியைப் போட்டுவிட்டார். கொக்கி போடும்போது பார்த்தார், மூன்றரை விரல்.

"என்னங்க இது, கழுத்துல டயரை மாட்டின மாதிரி?" என்று சிரித்தாள்.

"சிரிக்காத. நடமாடுற சாட்சி இருக்கு." கொத்தனார் கதையை முழுக்கச் சொன்னார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் தாடையைத் தலையணையில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது."

"கோபப்படற விஷயமா இருந்தா படுவேன். சொல்லு."

"போன தடவை என் கழுத்து எதனால போச்சு?"

"சீட்டு. அந்த சீட்டைச் செஞ்சவன் மனுஷனே இல்ல."

"சீட்டு இல்லைங்க. நீங்க."

அவருக்கு விளங்கவில்லை.

"உங்க தோள்ல சாஞ்சுதானே தூங்கினேன். நீங்க எங்க சும்மா வந்தீங்க? போக பத்தொம்பது மணி நேரம், வர பத்தொம்பது மணி நேரம், நீங்கதானே வண்டி ஓட்டினீங்க. வளைவு வந்தா காலால ஒரு மிதி. எதிர்ல லாரி வந்தா ஒரு மிதி. மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் தோள் தூக்கிப் போடுது. அந்த டிரைவர் பிரேக்கு வேற, உங்க பிரேக்கு வேற. ரெண்டு பிரேக்கை ஒரு கழுத்து எப்படித் தாங்கும்?"

"நான் எங்க மிதிச்சேன்? வாய்க்கு வந்ததைப் பேசாத. ஆடாம அசையாம, கை மரத்துப்போற வரைக்கும்..."

வெளியே தெருவில் ஏதோ வண்டி கிறீச்சென்று நின்றது. அவருடைய வலதுகால் தரையை ஓங்கி அழுத்தியது. இருவரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். அது இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை மெதுவாக எடுத்து நாற்காலிக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

"ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

அவள் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். சரியாக வராததால் உதறி மறுபடியும் மடித்தாள். "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல, அவ்வளவு தூரம் என் பக்கத்துல உக்காந்து வந்தது அதுதான் மொத தடவை. எப்பவும் நீங்க முன்னால இருப்பீங்க, இல்லேன்னா ஊர்லயே இருக்கமாட்டீங்க. அதிசயமா ஒரு தோள் கெடச்சிருக்கு. அது சரியில்லைன்னு எந்த வாயால சொல்றது?"

அவருக்கு அந்தத் தோளைப் பற்றி டிப்போவில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"இந்தத் தலைகாணி இருந்தா நான் வர்றேன்" என்றாள் அவள். "ஆனா நீங்க என் பக்கத்துல உக்காரக் கூடாது."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போய் டிக்கெட் எடுத்தார். அவளுக்கு இரண்டாம் வரிசை ஜன்னல். தனக்கு நடைபாதைக்கு மறுபக்கம், ஒரு வரிசை பின்னால். டிக்கெட் கொடுத்தவர், "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போறீங்க?" என்று கேட்டார். "ஆமா. அதனாலதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

காலை வெயில் ஏறும் நேரத்தில் பஸ் ஊரைத் தாண்டியது. அவள் தலையணையைத் திருப்பி மாட்டிக்கொண்டாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாய்ப் பையைத் துழாவி நீல நிறத்தில் ஒன்றை எடுத்து, கன்னம் உப்ப ஊதி, எழுந்து நடைபாதைக்குக் குறுக்கே நீட்டினாள். அவர் வேண்டாமென்று தள்ளிய காற்றுத் தலையணை.

"இதை எப்ப வாங்கின?"

"நேத்து. அந்தப் பொண்ணு உங்களைப் பத்தி அரை மணி நேரம் சொன்னா."

"எனக்குத் தூக்கம் வராது. கழுத்துக்கு எதுக்கு?"

"கழுத்துக்கு இல்லைங்க. காலுக்கு. இனி மிதிக்கறதை இதுல மிதிங்க."

பக்கத்து சீட்டுக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் யாரையும் பார்க்காமல் குனிந்து, தலையணையை வலதுகாலுக்குக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அதன்மேல் வைத்தார். மெத்தென்று இருந்தது. தோள்தான் சும்மா இருந்தது.

அரை மணி நேரம் கழித்து, கொஞ்சம் சாய்ந்தால் டிரைவருடைய உள்கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். தாடை தலையணையில் புதைந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. முப்பத்து நான்கு வருஷம் எத்தனையோ பேர் தூங்குவதைக் கண்ணாடியில் பார்த்தவர், இந்த முகத்தை மட்டும் பார்த்ததில்லை. முன்னால் ஒரு வளைவு வந்தது. வளைவிலிருந்து லாரி ஒன்று கொஞ்சம் அகலமாகத் திரும்பியது. அவர் மிதித்தார். காலுக்குக் கீழே காற்று சத்தமில்லாமல் அமுங்கியது. பஸ்ஸும் வேகம் குறைந்து, லாரிக்கு வழிவிட்டு, மறுபடியும் நேரானது. கண்ணாடியில் அந்தத் தலை இருந்த இடத்திலேயே இருந்தது.

காலை எடுத்தார். தலையணை மெல்ல எழுந்து அவர் பாதத்தைத் தொட்டது. அடுத்த வளைவுக்கு இன்னும் தூரம் இருந்தது.