ஏழாம் கிணற்றின் வரம்பு

ஏழாம் கிணறு மறுபடியும் பாஸ். அதுதான் லொரெட்டா ஸ்டாம்பாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு மாவட்டத்துக் குப்பைமேட்டைச் சுற்றி ஒன்பது கண்காணிப்புக் கிணறுகள். வாளி விட்டு இறைக்கிற கிணறில்லை, கை நுழையாத குழாய்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை தண்ணீர் எடுத்து, சோதனைக்கூடம் தரும் எண்களைக் கணக்குப் போட்டு, குப்பைச் சாறு கசியவில்லை என்று கையெழுத்துப் போடுவது பத்தொன்பது வருடமாக லொரெட்டாவின் வேலை. அவள் கையெழுத்தில்லாமல் அறிக்கை செல்லாது.

முதலில் எடுத்த எட்டு அளவுகளை வைத்து ஓர் உச்சவரம்பு போடுவார்கள். தாண்டினால் கசிவென்று சந்தேகப்பட வேண்டும். இரண்டு வருடத்துக்கொரு முறை புது அளவுகளையும் சேர்த்து வரம்பைத் திருத்தலாம். ஆனால் புதியதும் பழையதும் ஒரே ரகம்தானா என்று முதலில் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை முதல் தடவை விட்டவள் லொரெட்டாதான். அன்று மூன்று அறிக்கை பாக்கி. எல்லாம் வரம்புக்குள்தானே என்று சேர்த்துவிட்டாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இந்த வசந்தத்தில் ஏழாம் கிணற்றில் குளோரைடு லிட்டருக்கு அறுபத்தொன்று மில்லிகிராம், வரம்பு அறுபத்து நான்கு. குளோரைடு ஆளைக் கொல்லாது. ஆனால் குப்பைச் சாறு வருகிறதென்று முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். ஏதோ உறுத்தவே, பத்தொன்பது வருட எண்களையும் ஒரே தாளில் புள்ளி வைத்துப் பார்த்தாள். பதினெட்டில் தொடங்கி விடாமல் ஏறியிருந்தது. கூடவே வரம்பும் ஏறியிருந்தது. பிள்ளையின் உயரத்துக்குக் கதவில் போட்ட கோட்டை, பிள்ளை வளர வளர மேலே தள்ளிவிட்டு, வளரவே இல்லை என்று சொன்ன மாதிரி. முதல் எட்டு அளவுகளோடு நிறுத்தினால் வரம்பு முப்பத்தொன்று. அதைத் தாண்டி ஒன்பது வருடமாகிறது.

அந்தக் கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் எம்மெட் ட்ராயரின் பால்பண்ணை. அங்கே குடிப்பது கிணற்றுத் தண்ணீர். மாதிரி எடுக்கும் நாளெல்லாம் லொரெட்டா தன் குடுவையை நிரப்பிக்கொள்வதும் அந்தச் சமையலறைக் குழாயில்தான்.

“பாஸ்தானே? கையெழுத்தைப் போட்டுத் தொலையேன்,” என்றான் அவள் வேலைபார்க்கும் நிறுவனத்தின் முதலாளி வேட் ஹோஸ்டெட்லர்.

அவள் தாளை அவன் முன்னால் தள்ளினாள். அவன் பார்த்தான்.

“பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பு கொட்டறான்ல, அது இறங்கியிருக்கும்.”

“காதுல பூ சுத்தாத, வேட். ரோட்டோரம் இருக்கறது நாலாம் கிணறு. அது பதினஞ்சைத் தாண்டினதே இல்ல. ஏழு அரை மைல் தள்ளி இருக்கு. உப்பு என்ன, நடந்தா போச்சு?”

“சரி, இன்னொரு தடவை எடுத்துப் பாரு.”

“எடுத்தாச்சு. அறுபத்து மூணு.”

வேட் நாற்காலியில் சாய்ந்தான். “அந்த வரம்பை முதல்ல ஏத்தினது யாரு? நீ. இது வெளிய வந்தா உன் லைசென்ஸ்தான் போகும். நல்லா யோசிச்சுக்கோ.”

அது சுருக்கென்று தைத்தது. அவமானத்தில் முகம் சிவந்தது. ஆனால் அவன் சொன்னது மிரட்டல் என்று புரிந்ததும் அவமானம் போய்க் கோபம் வந்தது.

“ஏத்தினது நான்தான். இறக்கறதும் நானே.”

“நீ போடலன்னா வேற ஆளு போடுவான்.”

“போடட்டும். என் தாளு அதுக்கு முன்னாடி ஃபைல்ல இருக்கும்.”

வரம்பு தாண்டியது தெரிந்தால் பதினாலு நாளுக்குள் குப்பைமேட்டின் பதிவுக் கோப்பில் அறிவிப்பு வைக்க வேண்டும் என்பது விதி. யார் கேட்டாலும் அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும் என்பதும் விதி. லொரெட்டா பதினாலு நாள் காத்திருக்கவில்லை. அன்று மதியமே, அந்தக் கோப்பு இருக்கும் இடமான, குப்பைமேட்டு லாரிகளை எடைபோடும் அலுவலகத்துக்குப் போனாள்.

எழுத்தர் பெர்னிஸ் அறிவிப்பை வாங்கி முதல் வரியைப் படித்தாள்: ‘ஏழாம் கிணறு ஒன்பது ஆண்டுகளாக வரம்பைத் தாண்டியிருக்கிறது. சோதிக்காமல் வரம்பை உயர்த்தியவள் நான்.’ கீழே கையெழுத்தும் உரிம எண்ணும்.

“ஏன் லொரெட்டா, உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே?”

“முத்திரையைக் குத்து, பெர்னிஸ்.”

குத்தினாள்.

“இந்த ஃபைலை யாராவது கேட்டிருக்காங்களா?”

“நான் வந்து பதினோரு வருஷமாச்சு. ஒருத்தர்கூட இல்ல.”

“இன்னிக்கு ஒருத்தர் கேப்பாரு. எடுத்து வை.”

எம்மெட்டின் சமையலறையில் நுழைந்ததும் அவர் வழக்கம்போல அவள் குடுவையை வாங்கிக் குழாயடிக்குப் போனார். லொரெட்டா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேண்டாம், எம்மெட். நீங்களும் குடிக்காதீங்க. மேட்டுக் கசிவு இங்க வரைக்கும் வந்திருக்கான்னு இந்தத் தண்ணியச் சோதிக்கணும்.”

அவர் மெதுவாகக் குடுவையை மேசையில் வைத்தார். “எத்தனை நாளா?”

“ஒன்பது வருஷமா கசியுது.”

“இத்தனை நாளா இதை மறைச்சது யாரு?”

“எடைமேடை ஆபீஸுக்குப் போய் ஃபைலைக் கேளுங்க. முதல் பக்கத்துல என் பேர் இருக்கு. திட்டறதை அங்கேருந்து ஆரம்பிங்க, ஆனா அங்கேயே நிறுத்திடாதீங்க.”