காலி நாற்காலிக்கு வந்தவன்

1943 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை அந்த லண்டன் வீட்டில் இருந்தவர்கள்: நாடிழந்த போலந்து அரசின் தலைவர் ஜெனரல் கொஸ்லின்ஸ்கி, இரண்டு மந்திரிகள், ஒரு காவலன். எதிர்பாராத விருந்தாளிக்கெனப் போலந்து வழக்கப்படி போட்டிருந்த காலி நாற்காலியில், ஜெர்மானியர் பிடித்திருந்த வார்சாவிலிருந்து தப்பி வந்த ஸெனோன் உட்கார்ந்தான்.

"ஐயா, துப்பாக்கி அனுப்புறோம்னு நீங்க ரேடியோவுல பேசினதை நம்பி எங்க ஆளுங்க வெறுங்கையோட சண்டைக்கு நிக்கிறாங்க. என் அண்ணனும் நிக்கிறான். துப்பாக்கி வராதுன்னு நாளைக்கே சொல்லிடுங்க."

"சொன்னா இங்க நம்மள எவன் மதிப்பான்?" என்றார் ஜெனரல்.

"அப்ப நானே வெளியே போய் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்றேன்."

மந்திரிகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரல் சிரித்தார்.

"இன்னிக்கு வந்த விருந்தாளியை வெளியே அனுப்புற வழக்கம் நமக்கில்லையே, தம்பி" என்றபடி காகிதம்போல் மெல்லிய பண்டிகை அப்பத்தைப் பிட்டு அவன் வாயில் வைத்தார்.

அது கரைவதற்குள் காவலன் அவனை நிலவறைக்குள் தள்ளினான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திப் பூட்டப்பட்டது.