ஆறு விரல் இலை

அந்தப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போனவள் நான் ஒருத்திதான். வாசகசாலைப் பதிவேட்டில் என் பெயர் பதினோரு தடவை இருந்தது. ஜெஸ்னா, ஜெஸ்னா என்று கீழே இறங்கிக்கொண்டே போனது. அதனால் பக்கங்கள் காணாமல் போனது தெரிந்ததும் சதாசிவன் சாருக்கு யோசிக்க அதிகம் இருக்கவில்லை.

மொத்தம் ஒன்பது புத்தகங்கள். துபாயில் வீடுகளுக்கு அலங்கார வேலை செய்யும் கம்பெனியில் இருந்த ஒருவர், ஊருக்குத் திரும்பியபோது பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனவை. தரை ஓடுகளுக்கு ஒன்று, கம்பளங்களுக்கு ஒன்று, சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு ஒன்று, கம்பி வேலைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மடியில் வைத்தால் கால் மரத்துப் போகும் கனம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு அது ஒரு தடையாக இல்லை. நான் படங்களைத்தான் பார்த்தேன். ஒரு கொடி எங்கே வளைகிறது, இரண்டு இலைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, என் நோட்டில் வேறு கொடி வரைவேன். அந்த நோட்டை யாரும் பார்த்ததில்லை.

வெட்டுப்பட்டதைக் கண்டுபிடித்தவர் லிபின் அண்ணன். ஜிப்சம் சீலிங் வேலை பார்க்கிறவர். ஒரு சாயங்காலம் கம்பளப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், “சாரே, இதுல நாப்பதுக்குப் பிறகு நாப்பத்து மூணாக்கும்” என்றார்.

“எலே, நீ வெட்டிட்டு வந்து என்கிட்ட பறயுதியா?” என்றார் சதாசிவன் சார்.

“எனக்கு போன்ல ஆயிரம் டிசைன் உண்டு. இந்தப் பாரத்தச் சுமக்க எனக்கென்ன கிறுக்கா?”

எல்லாப் புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று புத்தகங்களில் ஐந்து தாள்கள் இல்லை. அதுவரைக்கும் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. திரும்பி வருகிற புத்தகத்தில் சதாசிவன் சார் இருபத்தேழாம் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார். எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தின் மூலையில் வாசகசாலையின் முத்திரை இருக்கும். முத்திரை இருந்தால் புத்தகம் முழுசு என்று கணக்கு.

அவர் என் பக்கம் திரும்பினார். “மோளே, கார்டு இஞ்ச தா.”

‘நான் இல்ல சார்’ என்று சொல்ல நினைத்தேன். அது வாய்க்குள்ளேயே நின்றது. நான் பேசாமல் நின்றதே போதுமானதாக இருந்தது அவருக்கு.

“வாற ஞாயிறாழ்ச்ச காலத்த என் வீட்டுக்கு வா. தாளோட வந்தா யாரும் அறியாண்டாம். இல்லேன்னா கமிட்டியில உன் பேர வாசிப்பேன். பின்னே இந்தப் படி ஏறப்பிடாது.”

எனக்குப் போக வேறு இடம் இல்லை. பள்ளிக்கூடம் நின்ற பிறகு நான் தனியாக நடந்து போகிற ஒரே வழி அது.

அன்று புறப்படுவதற்கு முன் வெட்டிய இடங்களை உற்றுப் பார்த்தேன். நேர்கோடு. அளவுகோல் வைத்து, நல்ல கூர்மையான தகடால் இழுத்திருந்தார்கள். ஓர் இடத்தில், வெட்டின் பக்கத்தில், ஒரு விரல் ரேகை பதிந்திருந்தது. மங்கின சிவப்பு.

சிவப்பைப் பார்த்ததும் என் கண் தானாகச் சதாசிவன் சாருடைய நெற்றிக்குப் போனது. காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வாசகசாலையைத் திறப்பார். அவருடைய மோதிர விரலில் குங்குமம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும்.

வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சாவி அவரிடம். காலையில் தனியாக இருப்பவர் அவர். இருபத்தேழைத் தவிர எதை வெட்டினாலும் வெளியே தெரியாது என்று நன்றாக அறிந்தவரும் அவர். போதாததற்குப் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். புது வீட்டுக்கு டிசைன் வேண்டாமா? தானே வெட்டிவிட்டு, பேசத் தெரியாத ஒருத்தி தலையில் வைத்துவிட்டார் என்று உறுதி செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். போய், அந்தத் தாள்கள் அவர் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா விடியும்போதே பூவாரில் ரிசார்ட் வேலைக்குப் போய்விடுவாள். அப்பா ரெத்தினதாஸ், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெட் போட்டு வெல்டிங் வேலை செய்கிறவர். தீப்பொறி கண்ணுக்கு ஆகாது என்று நான் அந்தப் பக்கம் போவதில்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

“ஏட்டி, இந்தத் தடவ புக்கு எடுக்கலியா?”

“இல்ல.”

“ஏன்? தரமாட்டானாமா?”

அவர் அப்படிக் கேட்டதே கிடையாது. என் முகம் வாடியிருப்பதைப் பார்த்துக் கேட்கிறார் என்று நினைத்து, மீன் துண்டை அவர் தட்டில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சர்ச்சுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, குன்னத்துகால் ரோட்டில் நடந்தேன். சதாசிவன் சாருடைய புது வீட்டுக்கு இன்னும் வெளிப்பூச்சு முடியவில்லை. ஆனால் இரும்புக் கேட்டு மாட்டியாகிவிட்டது. கறுப்பு அடிப்பதற்கு முன் துருப்பிடிக்காமல் அடிக்கும் முதல் பெயிண்டு மட்டும் அடித்திருந்தது. மங்கின சிவப்பு. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

குங்குமம் இல்லை. அந்த நிறம் எங்கள் வீட்டுச் சோப்பில் இருக்கிறது, துவர்த்துத் துண்டில் இருக்கிறது, அப்பாவின் நகக்கண்ணில் இருக்கிறது. தினமும் பார்த்ததால் எனக்கு அது கண்ணில் படாமலே போயிருந்தது.

பிறகுதான் தகட்டில் வெட்டியிருந்த உருவத்தைப் பார்த்தேன். மரச்சீனி இலைகள், மரவள்ளி என்பார்களே, அது. கீழிருந்து ஒரு தண்டு வளைந்து ஏறி, இரண்டு பக்கமும் விரல் விரித்த இலைகள். எந்தப் புத்தகத்திலும் மரச்சீனி இல்லை. ஜூன் மாத மழையில் சன்னல் வழியாகப் பார்த்து நான் வரைந்தது அது. மேலே இடது மூலையில் மூன்றாவது இலையை எண்ணினேன். ஐந்து விரலோ ஏழு விரலோ இருக்க வேண்டிய இலைக்கு ஆறு இருந்தது. வரைந்துகொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். திரும்பி வந்து எண்ணாமல் போட்ட இலை. பேனாவில் வரைந்ததால் அழிக்க முடியவில்லை. இரண்டு கதவுகளிலும் மொத்தம் நான்கு தட்டுகள். நான்கிலும் அதே மூலையில் அதே ஆறு விரல்.

உள்ளே போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி ஓடினேன்.

துணிக்கு அடியில் இருந்த பழைய நோட்டை எடுத்தேன். மை ஊறும் என்று ஒரு தாள் விட்டு ஒரு தாளில் வரைந்த நோட்டு. ஜூன் முடிவில் நிறைந்துவிட்டதால் பிறகு திறக்கவில்லை. நடுவில் ஒரு தாள் இல்லை. அதே நேர்கோட்டு வெட்டு.

அப்பா ஷெட்டில் உட்கார்ந்து ஒரு தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சதாசிவன் சாருக்க கேட்டு நீங்க செஞ்சதா?”

“ஆமா. ஏன், கோணியிருக்கா?”

“டிசைன் எங்கேருந்து எடுத்தீங்க?”

“நீ கொண்டு வைக்கிற புக்குல இருந்து. வேற எங்கேருந்து?”

“வெட்டினீங்களா?”

“பின்னே, புக்கத் தூக்கித் தகட்டுக்க மேல வைக்க முடியுமா பிள்ளே? தாள மைதாப் பசை போட்டு ஒட்டணும். கோட்டுக்க மேல தீய ஓட்டணும். மொதல் தட்டு அப்படித்தான். பின்னே அத வச்சு மத்தது வரைஞ்சுக்கலாம். அதாக்கும் வேலை.”

“தாள் எங்க?”

“தீயில போனது எங்க இருக்கும்?”

நோட்டை நீட்டினேன். அப்பா வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது நீ வரைஞ்சதா? புக்குக்க உள்ள இருந்துது. அச்சடிச்சதுன்னாக்கும் நான் நெனச்சேன்.”

நோட்டின் அட்டையில் என் பெயரும் ஒன்பது பி என்றும் பெரிதாக எழுதியிருந்தது. அட்டையைப் பார்க்கவே இல்லை என்று அவர் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் தகட்டில் வைத்துக்கொண்டார்.

“எனக்க கார்ட வாங்கிட்டாரு. பேர வாசிக்கப் போறாராம்.”

அப்பாவின் கை நின்றது. “ரெண்டு நாள்ல மறந்திரும். நீ சதாசிவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத மக்கா. சன்னல் அழிக்கம்பி, மாடிப்படி எல்லாம் பாக்கி கெடக்கு. கள்ளன்னு தெரிஞ்சா வேற ஆள விளிச்சிருவான்.”

அவருக்கு இரண்டு நாள். எனக்கு எத்தனை என்று அவர் எண்ணவில்லை. நோட்டையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சதாசிவன் சார் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். “தாள் கொண்டு வந்தியா?”

தலையை ஆட்டினேன், இல்லை என்று. நோட்டைத் திறந்து, வெட்டிய ஓரத்துக்கு அடுத்த வெள்ளைப் பக்கத்தை மதில்மேல் வைத்தேன். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தேன். பேனா அழுத்திய பள்ளமெல்லாம் வெள்ளையாக எழும்பி வந்தது. தண்டு, வளைவு, இலை. சார் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார்.

“ரெத்தினதாஸுக்க மோளா நீ?”

“ஓ” என்று தலையசைத்தேன்.

அவர் குரல் மாறியது. “அப்போ அப்பனும் மோளும் சேர்ந்தாக்கும் இந்த வேலை?”

பென்சில் நுனியை அந்த மூலையில் வைத்தேன்.

“சேந்திருந்தா இந்த இலையத் திருத்திக் குடுத்திருப்பேன் சார். எண்ணிப் பாருங்க. ஆறு உண்டு.”

அவர் நோட்டில் எண்ணினார். கேட்டில் எண்ணினார். கதவின் அந்தப் பக்கம் போயும் எண்ணினார். உள்ளிருந்து அவருடைய மனைவி குமாரி அக்கா வெளியே வந்தாள்.

“என்னவாக்கும் எண்ணுதிய?”

“நம்ம கேட்டுல தப்பு உண்டு.”

“நேத்து வந்த எல்லாரும் ஃபாரின் டிசைன்னு சொன்னாவ. நீங்க வெளிய ஒண்ணும் மிண்டாம இருந்தா அது ஃபாரின்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சார் கேட்டில் அந்த ஆறு விரல் இலையைக் கையால் மறைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து என் கார்டை எடுத்தார். “வீட்டுக்குப் புக்கு தரமாட்டேன். எனக்க மேசைக்கு முன்னால இருந்து பாத்துட்டுப் போ.”

“பேரு?”

“கமிட்டியில நான் பறஞ்சுக்கிடுவேன்.”

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டு, எல்லாப் புத்தகத்திலும் எல்லாப் பக்கத்தையும் எண்ணுகிறார். எண்ணும்போது என்னை ஒரு முறை பார்க்கிறார். நானும் அவர் விரலைப் பார்க்கிறேன்.

கேட்டுக்குக் கறுப்பு அடித்தாகிவிட்டது. சன்னல் அழி வேலையும் அப்பாவுக்கே கிடைத்தது. வேலை நடந்த ஒரு சாயங்காலம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“புதுசா ஏதாவது வரையுதியா?”

“இல்ல” என்றேன்.

நோட்டு தலையணைக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் இப்போது ஒவ்வொரு படத்திலும் ஓர் இலையைத் தப்பாகப் போடுகிறேன். எந்தப் படத்தில் எந்த இலை என்று வேறு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று இங்கே எழுதப் போவதில்லை.