ஆளில்லாத ஹாலில் ஹீட்டர்

ஒலியுல்லாவுக்கு அன்று எழுந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. விடியுமுன் சுபுஹு தொழுகையில் நின்றபோதே மனம் லாட்ஜுக்கு ஓடிவிட்டது. ஸலாம் கொடுத்ததும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல், மப்ளரை இறுக்கிக்கொண்டு கொடைக்கானல் பஜார் ஏற்றத்தில் விறுவிறுவென்று நடந்தார். முட்டி வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று நடந்தார்.

லாட்ஜில் பழனி கும்பிட்டுவிட்டு வந்த கூட்டம் ஒன்று தங்கியிருந்தது. டூர் நடத்தும் செல்வமுருகன் கூட்டி வந்த ஆட்கள். போன தடவை அவர் கூட்டி வந்தவர்கள், வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்து, பல் கிட்டிப்போய் மலையிறங்கினார்கள். "ஒங்க மொகத்துக்காக இன்னொரு வாட்டி வர்றேன் பாய். தண்ணி இப்பிடியே கெடந்துச்சுன்னா வேற எடம் பாத்துக்கிறேன், கோவிச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வருஷம் முழுக்க ஆள் கொண்டுவருகிற மனிதர். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள்.

லாட்ஜை இப்போது நடத்துவது மகள் நஜ்லா. பழைய விறகு பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு கேஸ் இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கியதும் அவள்தான். அது ஓடி லாட்ஜுக்குக் கரண்ட் கொடுக்கும். ஓடும்போது கிளம்புகிற சூட்டைக் குழாய் வழியாக இழுத்துத் தொட்டித் தண்ணீரைக் காய வைக்கும். ஒரே கேஸில் ரெண்டு சோலி. இறக்கிய அன்று அவள் அரைமணி நேரம் விளக்கம் சொன்னாள். ஒலியுல்லா நன்றாகத் தலையை ஆட்டினார்.

கரண்ட் என்னவோ ராஜாவாட்டம் வந்தது. தண்ணீர்தான் காலையில் காலை வாரியது. திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் பலமுறை வந்து பார்த்தான். இன்ஜினில் ஒரு பழுதும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான். திருச்சியில் இருக்கும் மகன் ரஷாத், லாட்ஜை ஒரு கம்பெனிக்கு லீசுக்கு விடச் சொல்லிப் போனில் அரித்துக்கொண்டிருந்தான். நேற்றுச் சாயங்காலம் நஜ்லாவே வந்து நின்றாள்.

"நாளைக்கும் தண்ணி சூடாகலைன்னா அண்ணன் சொன்ன மாதிரியே விட்டுறலாம் அத்தா. என்னால முடியல."

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் நெஞ்சை அறுத்தது.

பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். டைனிங் ஹாலில் ஒரு ஈ காக்கை இல்லை. நாற்காலிகள் எல்லாம் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. சுவர் நெடுக எட்டு கரண்ட் ஹீட்டர்களும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன.

"எவன்லே தெனமும் இப்பிடிப் போட்டுட்டுப் போறது" என்று முணுமுணுத்தபடி வரிசையாக அணைத்தார். ஆயுசு முழுக்க லாட்ஜ் நடத்தியவர். ஆளில்லாத இடத்தில் ஒரு பல்பு எரிந்தாலும் அவருக்கு உடம்பு எரியும். வேலையாட்களின் பொறுப்பில்லாத்தனத்தை நஜ்லாவிடம் அவர் சொன்னதில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே தலைக்குமேல் கவலை, இதையும் ஏற்றுவானேன் என்று தினமும் சத்தமில்லாமல் தானே அணைத்துவிட்டுப் போவார்.

அதற்குமேலும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்ஜினையாவது ஒரு பார்வை பார்ப்போம் என்று பின்பக்கம் போனார். இன்ஜின் அறையை ஒட்டினாற்போல் சலவை அறை. அங்கே கம்பளி காயவைக்கும் மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இந்நேரத்தில் இது எதுக்கு என்று அதன் சுவிட்சையும் தட்டினார்.

பக்கத்து அறையில் இன்ஜினின் குரல் இறங்கியது.

ஒலியுல்லா திரும்பிப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார். குரல் ஏறியது. அணைத்தார். இறங்கியது. அப்போதுதான் நஜ்லா அன்றைக்குச் சொன்ன அரைமணி நேரமும் ஒரே வாக்கியமாகக் காதில் விழுந்தது. 'கரண்ட்ட நம்ம இழுத்தாத்தான் அத்தா அது ஒழைக்கும், ஒழைச்சாத்தான் சூடு வரும்.'

ஹீட்டரையும் இந்த மெஷினையும் போட்டது எந்த வேலைக்காரனும் இல்லை. தண்ணீர் காய வேண்டும் என்று மகள்தான் தினமும் வெள்ளனே எழுந்து போட்டிருக்கிறாள். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து, தினமும் பின்னாலேயே வந்து அவள் அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

மெஷினை ஓடவிட்டு, முட்டியை மறந்து ஹாலுக்கு ஓடினார். எட்டையும் போட்டார். மாடிப்படியில் செருப்புச் சத்தம். செல்வமுருகன் தோளில் துண்டோடு இறங்கி வந்தார்.

"என்ன பாய், குளிக்கலாமா?"

"மொதல்ல டீ குடிங்க. இஞ்சி தட்டிப் போடச் சொல்றேன். எல்லாரும் குடிச்சிட்டுக் குளிங்க, அவசரம் ஒண்ணுமில்லைங்க."

சமையலறையில் டீக்குச் சொல்லிவிட்டு ரிசப்ஷனுக்குப் போனார். நஜ்லா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரஷாத்தின் பெயர் திரையில் தெரிந்தது.

"அதைக் கீழ வைம்மா" என்றார். "ஹீட்டர அணைச்சது நாந்தான்."

"எப்ப?"

"தெனமும்."

அவள் அவரையே பார்த்தாள். "நான் போட்டுட்டு இங்க வந்துருவேன். டிபன் நேரத்துல போய்ப் பாத்தா எரிஞ்சுக்கிட்டுத்தான இருக்கும்."

"பரிமாறுற பயக வந்து திரும்பப் போட்டுருப்பானுக."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அவர் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப் போனாள். மேஜைமேல் கிடந்த நாற்காலி ஒன்றை இறக்கி, சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழே போட்டாள்.

"இங்கயே உக்காருங்க. யாரையும் இதத் தொட விடாதீங்க." போகப் போனவள் திரும்பினாள். "நீங்களும் தொடாதீங்க."

உட்கார்ந்தார். டீ போனது, இரண்டாம் டீயும் போனது. மாடியில் குழாய்களைத் திறக்கிற சத்தம் கேட்டபோது நாற்காலி நுனிக்கு வந்தார். யாரும் கத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்வமுருகன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். தலையில் ஆவி பறந்தது. "தண்ணி சும்மா பொசுக்குது பாய். தை மாசக் கூட்டத்தையும் இங்கயே கூட்டியாந்துர்றேன்" என்றவர், காலி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "அதென்ன, ஆளில்லாத எடத்துல இத்தன ஹீட்டரு" என்று போர்டுக்குக் கை நீட்டினார்.

ஒலியுல்லா எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எரியட்டும்ங்க" என்றார். சொல்லும்போதே அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மறுபடி உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.