கட்டை எடுத்தாச்சு

ஆம்புலன்ஸ் கூவுவது போல விஜயபாண்டியின் சட்டைப் பைக்குள் ஒரு சத்தம் கிளம்பியது.

போடி பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அவன், கல்லாவுக்கு முன்னால் நின்ற அருள்பாண்டியைச் சும்மா விடாமல் வறுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அருள்பாண்டி புதுக் கார் வாங்கி ஒரு வருஷம் ஆகியும் சீட்டின் பாலிதீன் உறையைக் கிழிக்கவில்லை.

"ஓட்டாம உறை போட்டு மூடி வைக்க அது காராண்ணே, பீரோவா?" என்று கேட்டிருந்தான். பிறகு பேச்சு பந்தயத்துக்குப் போனது. அங்கேதான் எப்போதும் போகும். "நேர் ரோட்டுல எவன் வேணா மிதிப்பான். வளைவுல எவன் கடைசியா பிரேக்கு போடுறானோ அவன்தான் கப்பு வாங்குவான்."

அதற்குள் இந்தச் சத்தம். போனை எடுத்துப் பார்த்தான். 'உங்கள் வாகனம் நகர்கிறது' என்றது திரை. தன் சிவப்புக் காரில் ரகசியமாக அவன் பொருத்தியிருந்த கருவி அனுப்பிய எச்சரிக்கை. வரைபடத்தில் ஒரு புள்ளி முந்தலை நோக்கி, மலை ஏறும் பாதையில் ஊர்ந்தது.

"எவனோ தூக்கிட்டாண்ணே!"

மனைவி சுகன்யாவுக்குப் போட்டான். போகவில்லை. பக்கத்து வீட்டு மகாராணிக்குப் போட்டான். அவள் எடுத்தாள்.

"திருடனும் இல்ல, ஒருத்தனும் இல்ல தம்பி. உம் பொண்டாட்டிதான் எடுத்துட்டுப் போகுது. அவுக ஆத்தா போடிமெட்டு எஸ்டேட்டுல ஏலச்செடிக்குள்ள வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்காம். ஜீப்பெல்லாம் காலையிலயே ஆள் ஏத்திட்டுப் போயிருச்சுல்ல. உன்கிட்டக் கேட்டுட்டேன்னு சொல்லுச்சே?"

கேட்டாளா? கேட்டாள். சற்று முன்பு, தான் வேலை பார்க்கும் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையிலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, வண்டிக்குக் கட்டை எடுத்தாச்சா?" என்று ஒரே கேள்வி. அருள்பாண்டியோடு வாய்ச்சண்டை சூடாக இருந்ததால், "எடுத்தாச்சு, எடுத்தாச்சு, போனை வை" என்று விட்டான்.

தான் சொன்னது என்னவென்று விஜயபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலை முடியாத வண்டிக்குச் சக்கரத்தடியில் மரக்கட்டை கொடுத்து வைப்பது அவன் வழக்கம். கட்டை இருந்தால் வண்டியைத் தொடக்கூடாது. கட்டை எடுத்துவிட்டால் வண்டி தயார். வீட்டில் அதுதான் சட்டம். அவள் கேட்டது அந்தக் கட்டையை. அவன் சொன்னது பிரேக் கட்டையை. பின்சக்கரம் இரண்டிலும் தேய்ந்துபோன பிரேக் கட்டைகளை நேற்றுக் கழற்றிவிட்டு, மதுரையிலிருந்து புதுசு வரட்டும் என்று வெறும் சக்கரத்தை மாட்டி, ஷெட்டின் சமதரையில் கியரில் நிறுத்தியிருந்தான். சமதரைதானே என்று இந்தத் தடவை மரக்கட்டை கொடுக்கவில்லை.

பெடலை முதலில் நாலைந்து தடவை மிதித்தால் பிடிக்கும். மிதிக்க மிதிக்க, கட்டை இல்லாத பின்சக்கரங்களில் பிரேக் எண்ணெய் பீய்ச்சி வெளியேறிவிடும். அப்புறம் ஒன்றும் இருக்காது. கை பிரேக்கும் அதே கட்டையில்தான் வேலை செய்யும். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது?

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். ஜீப்பு ஸ்டாண்டில், எஸ்டேட்டுக்கு ஆள் இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த கூட்டாளி மகாராஜன் ஸ்டீயரிங் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, எந்திரி! சுகன்யா செத்துருவாடா!"

மகாராஜன் உடனே ஜீப்பைக் கிளப்பினான். முந்தல் தாண்டும்வரை விஜயபாண்டி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தான்.

"ஊரு பூரா ரேஸைப் பத்தி வகுப்பு எடுப்பியே மாப்ளே. வீட்டுல நிக்கிற வண்டிக்குப் பிரேக்கு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"பேசாம ஓட்டுடா."

சுகன்யாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் விஜயபாண்டிதான். சிலமலைப் பக்கம் பொட்டல் வெளியில். கற்றுக்கொடுத்ததை விடக் கத்தியதுதான் அதிகம். மலைப்பாதையில் ஒருநாளும் அவளிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்ததில்லை.

ஏற்றத்தில் ஊர்ந்த லாரிகளுக்குப் பின்னால் ஜீப்பு தேங்கிக் கிடந்தபோதே, புள்ளி மலை உச்சியிலுள்ள போடிமெட்டைத் தொட்டது. எஸ்டேட்டுப் பக்கம் போனது. நின்றது. மறுபடி மெட்டுக்குத் திரும்பி வந்து அங்கேயே நின்றது. நிக்கட்டும் தாயே, அங்கேயே நிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். சுகன்யாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியேயே இருந்தது.

"மெட்டுல டீக்கடை பொன்னுமணிக்குப் போடு," என்றான் மகாராஜன். "பிடிச்சு வைக்கச் சொல்லுவோம்."

வளைவுக்கு வளைவு அறுந்துபோன சிக்னல் ஒரு திருப்பத்தில் கிடைத்தது. பொன்னுமணியின் குரல் விட்டு விட்டு வந்தது.

"செவப்புக் காரா? இந்தா, இப்பத்தானய்யா இறங்குது. பெடலு உள்ள போகுதுன்னு அந்தப் பிள்ளையே சொல்லுச்சு. காரை இங்கன விடு ஆத்தா, பெரியம்மாவை ஜீப்புல ஏத்தி விடுறோம்னு எம்புட்டோ சொன்னோம். தலையை ஆட்டிட்டு ஏறிருச்சு."

தெரியாமல் இறங்குகிறாள் என்று நினைத்தது போய், தெரிந்தே இறங்குகிறாள் என்று விஜயபாண்டிக்கு விளங்கியது. ஏன்? அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

மகாராஜன் அகலமான ஒரு வளைவில் ஜீப்பைத் திருப்பி, கீழ்நோக்கி நிறுத்தினான்.

"இங்கனயே நிப்போம். கார் வரவும் நான் ஒன்னாம் கியருல நகருவேன். மெதுவா வந்தா என் முதுகுல முட்டட்டும், அணைச்சு இறக்கிடலாம்."

"வேகமா வந்தா?"

மகாராஜன் பள்ளத்துப் பக்கம் பார்த்தான். சாலையின் அந்தப் பக்கம் இடுப்புயரச் சுவர். அதற்கப்புறம் வெறும் காற்று. வெகு கீழே போடியின் தென்னந்தோப்புகள் பச்சைப் பாய் போலக் கிடந்தன.

முதலில் சத்தம்தான் வந்தது. அடித் தொண்டையில் அலறும் என்ஜின் சத்தம். எந்தக் காரின் சத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும் அவனுக்கு, இந்தச் சத்தத்தைக் கேட்கவே முடியவில்லை. மேல் வளைவில் சிவப்பு தெரிந்தது. கார் மலைப்பக்கத்துப் பாறையை உரசி உரசி, தகரம் கிழிய வந்தது.

"ஒன்னுலயே வா! கியரை எடுத்துறாத!" ஜீப்பின் பின்பக்கத்தில் தொங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். "சுகன்யா, இங்க பாரு, என்னையப் பாரு!"

கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. வெளிறி, வாய் கொஞ்சம் திறந்து. பின்சீட்டில் அவள் அம்மா செல்லத்தாய் முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். ஜீப்பு நகர்ந்தது. கார் நெருங்கியது. இடித்தது. விஜயபாண்டி தெறித்துப்போய்க் கம்பியைப் பற்றினான். அவன் தினமும் துடைக்கும் பம்பர் அவன் காலடியிலேயே நொறுங்கியது. மகாராஜன் பிரேக்கை அழுத்த, இரண்டு வண்டியும் ஒன்றாய் வழுக்கின. சுவர் நெருங்கியது. ரப்பர் தீய்ந்தது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் எல்லாம் நின்றது.

செல்லத்தாய் பெரிதாக அழத் தொடங்கினாள். மகாராஜன் இறங்கி ஓடி, கல் பொறுக்கிச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தான்.

விஜயபாண்டி கார்க் கதவைத் திறந்தான். சுகன்யாவின் விரல்கள் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"பிரேக்கு இல்லைன்னு தெரிஞ்சும் ஏன்டி இறக்குன? ஜீப்புல ஏத்தி விடுறோம்னாகளாம்ல? ஏன் வரலை?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. நசுங்கிக் கிடந்த முன்பக்கத்தையே பார்த்தாள்.

"உங்க காரை அங்கன அநாதையா விட்டுட்டு வந்து, உங்க முன்னால நிக்கிறதுக்கு எனக்குப் பயமா இருந்துச்சுங்க."